மாலை ஆறரை மணிக்கு எங்கே போவது? வேலூர்ப் பக்கம் ஏஏ கூட்டம் தேடுகிறவர்களுக்கு

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு 41 வயது, டாடா ஏஸ் ஓட்டுகிறார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து குடியை நிறுத்திவிட்டு வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் "ஏஏ மீட்டிங்குக்குப் போங்க" என்றாராம். எங்கே, என்றைக்கு என்று சொல்லவில்லை. வேலூரில் எங்கே நடக்கிறது, எவ்வளவு பணம் கட்ட வேண்டும், சர்ச்சில் நடத்துகிறார்களாமே மதம் மாற்றிவிடுவார்களா, அண்ணியும் கூடப் போகலாமா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் குடித்தேன். பதினோரு வருடமாகக் குடிக்கவில்லை. இந்தப் பதினோரு வருடமும் வேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். பெயர் போடாததற்குக் காரணம், ஏஏ என்பதன் விரிவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாத குடிநோயாளிகள். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அமைப்பு. பொதுவில் பேசும்போது பெயரும் முகமும் வேண்டாம் என்பது எங்கள் வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே ஒரு முகவரியும் கிழமையும் எழுதிவிட்டுப் போகலாம். எழுத மாட்டேன். ஏஏவுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச்சை ஒட்டிய ஹால், யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்த மாடி அறை, இப்படித்தான் நடக்கும். பரீட்சை வந்தால் இடம் மாறும். பெயின்ட் அடித்தால் மாறும். ரூமைக் கொடுத்தவர் மாற்றலாகிப் போனால் கிழமையே மாறிவிடும். நான் முதல்முறை கூட்டம் தேடிப் போனது ஒரு பழைய நோட்டீஸில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு. போனால் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "அது போன வருசமே மாத்திட்டாங்களேபா" என்றார். திரும்பி நடந்த வழியில் கடை. அன்றைக்கு ஆஃப் வாங்கினேன். அடுத்த தேடலுக்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதனால்தான் சொல்கிறேன், போன் பண்ணாமல் எந்தக் கூட்டத்துக்கும் கிளம்பாதீர்கள்.

யாருக்குப் போன் பண்ணுவது? உங்கள் அண்ணன் இருந்த வார்டுக்கே முதலில் பண்ணுங்கள். டாக்டரைக் கேட்க வேண்டாம், அவருக்கு நேரமிருக்காது. அங்கே கவுன்சிலர் அல்லது சோஷியல் ஒர்க்கர் இருப்பார், அவரைக் கேளுங்கள். எந்தக் கூட்டம் இப்போது உயிரோடு இருக்கிறது, எதில் நாலு பேர் ஒழுங்காக வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். பல ஊர்களில் ஏஏ ஆட்களே வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் பேசுவதுண்டு. வேலூரைப் பொறுத்தவரை பாகாயத்தில் இருக்கும் சிஎம்சியின் மனநல மையமும், அதே பக்கம் இன்னும் தள்ளி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் கேட்கத் தகுந்த இடங்கள். அங்கே சிகிச்சை எடுக்காதவர்களும் போய் விசாரிக்கலாம்.

அடுத்தது, ஏஏவின் இந்திய அலுவலகம். அது மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்களும் கிடைக்கும். நம் மாவட்டத்தை 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டதால் மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம், காட்பாடி என்று ஊர்ப்பெயரையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அரக்கோணம்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் சென்னைக் கூட்டங்களையும் எட்டிவிடலாம், அங்கே எண்ணிக்கை நிறைய.

இரண்டும் கைகொடுக்காவிட்டால் 14446. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், இலவசம். 14416 மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள், தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் தூங்காமல் நடந்துகொண்டிருந்தால் அந்த எண்தான் கை கொடுக்கும்.

ஏஏவின் கதையே ஒரு போனில்தான் தொடங்குகிறது. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். வியாபார விஷயமாக வந்து, காரியம் கெட்டு, கையில் பெரிதாகக் காசும் இல்லாமல் பில் வில்சன் என்பவர் ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோனும் சர்ச்சுகளின் பட்டியலும். இவர் டெலிபோன் பக்கம் போனார். பேச எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பிடித்தார். கால்மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏஏவின் பிறந்தநாள் என்கிறோம். இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தேடுவது கூட்டம் நடக்கும் கட்டடத்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேட வேண்டியது ஓர் ஆளை. போனில் ஒரு ஏஏ ஆள் கிடைத்துவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். "பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நில்லுங்க, நான் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பார். அது உபகாரம் என்று கூச்சப்பட வேண்டாம். புது ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு அவருக்கும் குடிக்கத் தோன்றாது, அவருக்கும் லாபம்தான்.

ஒன்றுக்கு மேல் கூட்டம் கிடைத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் இருப்பதை என்று சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். உங்கள் அண்ணன் வழக்கமாக எத்தனை மணிக்குக் கடைக்குப் போவார்? டாஸ்மாக் பகல் 12க்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது. லோடு இறக்கிவிட்டு வருகிறவருக்கு அநேகமாக மாலை ஆறு, ஆறரை. உடம்புக்கு அந்த மணி தெரியும். வாய் வறளும், எரிச்சல் வரும், பெண்டாட்டி சும்மா கேட்ட கேள்விக்கெல்லாம் கத்தத் தோன்றும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் ராத்திரி சாப்பாடு உள்ளே போகும், வயிறு நிறைந்தபின் வேட்கை பாதியாகிவிடும். ஆக, அந்த மணியில் நடக்கிற கூட்டம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதுதான் நல்ல கூட்டம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே நடந்தாலும் அது இரண்டாம்பட்சம். போகிற வழியையும் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கூட்டத்துக்கு நடக்கிற வழியில் பழைய கடை இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னாலோ பின்னாலோ இறங்கச் சொல்லுங்கள். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை 1, 2 நம்பர் டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வேலூர் டவுனுக்குள் இது பெரிய பாடு இல்லை. குடியாத்தத்துக்குத் திரும்புவதற்குத்தான் கணக்குப் போட வேண்டும். கூட்டம் எட்டு மணிக்கு முடியும் என்றால் அதற்குப் பின் எந்த பஸ் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது.

குடியாத்தத்திலேயே கூட்டம் இருந்தாலும் வேலூருக்குப் போவதில் ஒரு நன்மை உண்டு, யாரும் தெரிந்தவர் பார்க்க மாட்டார். "பாத்தியா, அவன் குடிகாரனுங்க மீட்டிங்குக்குப் போறான்" என்ற பேச்சு இருக்காது. குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம் இதற்கு வரும், எனக்கும் வந்தது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேரில் ஒருவர்தான். உங்கள் அண்ணன் அந்த ஒருவர். வீட்டில் அவருக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். மற்ற 37 பேரும் இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஐந்து பேர் இருக்கலாம், இருபது பேர் இருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி, டீ. ஒருவர் கூட்டத்தை நடத்துவார், அவரும் குடித்தவர்தான். ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையில் கொஞ்சம் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் "இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்று சொன்னால் போதும். நான் முதல் நான்கு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது கூட்டத்தில் ஒரு பெரியவர், மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். என் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அன்றைக்குத்தான் பேசினேன்.

பணம் கிடையாது. நுழைவுக் கட்டணமோ சந்தாவோ இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், அதில் உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், அது டீக்கும் வாடகைக்கும். புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்பார்கள். வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் கறாரான விதி. யாராவது ஏஏ பெயரைச் சொல்லி உங்களிடம் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது ஏஏ இல்லை.

மதம். இதை நிறைய பேர் கேட்கிறார்கள், நம் ஊரில் கேட்பது நியாயமும்கூட. சர்ச் ஹாலில் நடப்பதற்குக் காரணம் சர்ச்சுக்காரர்கள் இடம் கொடுக்கிறார்கள் என்பதுதான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழிதான் பன்னிரண்டு படிகள். அதில் கடவுள் என்ற சொல் வரும், கூடவே "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றும் வரும். எங்கள் கூட்டத்தில் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறவர் இருக்கிறார், ஐந்து வேளை தொழுகிறவர் இருக்கிறார், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர், "எனக்கு இந்தக் கூட்டம்தான்பா என்னைவிடப் பெரிய சக்தி" என்று சொல்லிவிட்டு ஒன்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறார். கூட்டத்தைத் தொடங்கும்போதோ முடிக்கும்போதோ ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார்கள், பிடிக்காவிட்டால் சும்மா நிற்கலாம்.

கடவுள் பேச்சு வந்ததால் மாலை போடுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "போன வருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டார், 48 நாள் ஒரு சொட்டுத் தொடலை, அப்போ அவரால முடியுதில்லே, இப்போ மட்டும் ஏன் கூட்டம், மாத்திரை?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். நானும் ஆறு முறை மாலை போட்டவன். மேல்மருவத்தூருக்கும் சிவப்பு வேட்டி கட்டிப் போயிருக்கிறேன். 48 நாளும் சுத்தமாக இருந்தேன், பொய் இல்லை. ஆனால் அந்த 48 நாளும் மனசு எண்ணிக்கொண்டே இருக்கும்: இன்னும் இருபது நாள், இன்னும் எட்டு நாள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே கணக்கு வட்டியோடு தீர்ந்துவிடும். ஒரு தடவை ஊர் வந்து சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் கற்றுக்கொண்டது இந்த எண்ணிக்கையைத் தலைகீழாக்குவது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான், நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கழற்ற வேண்டிய மாலை என்று ஒன்று இல்லாததால் கழற்றும் நாளும் வருவதில்லை. மாலை போடுவதைக் குறை சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் கார்த்திகை வந்தால் நாலைந்து பேர் மாலையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். சாமியும் இருக்கட்டும், கூட்டமும் இருக்கட்டும்.

மாலை விஷயத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. தினம் காலையிலேயே குடிக்கிற அளவுக்குப் போனவர், மாலை போடுவதற்காகவோ வீட்டில் சண்டை போட்டோ திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டுவது, குரல் கேட்பது எல்லாம் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அது உயிர் போகிற நிலை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். உங்கள் அண்ணன் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் மறுபடி குடித்து, பல நாள் தொடர்ந்து, பிறகு நிறுத்தினால் இதே ஆபத்து திரும்ப வரும். அப்போது கூட்டத்துக்கு அழைத்து வராதீர்கள், நேராக மருத்துவமனை.

மாத்திரை கொடுத்திருந்தால் டாக்டர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம். பழைய ஆட்கள் சிலர் "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று கூட்டத்தில் சொல்லலாம். அவர்கள் டாக்டர் இல்லை. ஏஏவின் சொந்தப் பிரசுரமே, உறுப்பினர் யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அப்புறம், டைசல்ஃபிரம் என்ற மாத்திரை. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆளுக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பது நம் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அண்ணி அப்படிச் செய்ய நினைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அண்ணி வரலாமா என்றால், ஓப்பன் மீட்டிங் என்று சொல்லும் கூட்டங்களுக்கு வரலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் தடவை குடும்பத்தோடு போக நல்ல நாள், யாராவது ஒருவர் குடிக்காமல் ஒரு வருடமோ ஐந்து வருடமோ முடித்ததைக் கொண்டாடும் கூட்டம். அங்கே அவர் மனைவியும் பேசுவார். குடித்தவர் பேசுவதைவிட அந்த அம்மா பேசுவதுதான் உங்கள் அண்ணிக்குப் போய்ச் சேரும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, பில்லின் மனைவி லோயிஸும் மற்றவர்களும் 1951இல் உருவாக்கியது. சின்ன ஊர்களில் கிடைப்பது கஷ்டம், போனில் பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதெல்லாம் பலன் தருமா, வெறும் பேச்சுதானே என்று என் மச்சான் கேட்டான். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏவுக்கு ஆட்களை முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை மற்ற பேச்சுச் சிகிச்சைகளை விட மேலாகவே இருந்தது. எல்லோருக்கும் பலிக்கிறதா என்றால் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் திரும்பக் கடைக்குப் போனவர்களும் உண்டு, செத்தவர்களும் உண்டு. மூன்று முறை விழுந்து நான்காம் முறை நின்றவர்களும் உண்டு.

வேறு ஒரு ரகம் பற்றி எச்சரித்துவிடுகிறேன். கூட்டம் தேடி இணையத்தில் போனால் "போதை மறுவாழ்வு மையம்" என்று விளம்பரங்கள்தான் முதலில் வரும். போன் செய்தால் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்வார்கள். நல்ல மையங்கள் இருக்கின்றன. ஆனால் என் நண்பன் ஒருவனை இப்படி ஓர் இடத்தில் போட்டு, அடித்து, மூன்று மாதம் வீட்டோடு பேசவே விடவில்லை. வெளியே வந்த அன்றே குடித்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி இந்த மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவதற்கு அந்தச் சட்டத்தில் முழுத் தடை. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறையாவது நேரில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் அண்ணனுக்கு இப்போதைக்கு அது தேவையும் இல்லை.

வாரத்தில் ஒரு கூட்டம்தான் கிடைக்கிறது, மீதி ஆறு மாலைக்கு என்ன செய்வது? இணையக் கூட்டங்கள் கொரோனாக் காலத்திலிருந்து நடக்கின்றன, தமிழில் எது, எத்தனை மணிக்கு என்று ஏஏ ஆளிடமே கேட்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இயர்போன் போட்டுக் கேட்கிற டிரைவர்கள் எனக்குத் தெரியும். அதைவிட உசத்தி, கூட்டத்தில் ஒரு ஸ்பான்சரைப் பிடித்துக்கொள்வது. ஸ்பான்சர் என்றால் பணம் தருகிறவர் இல்லை, முன்னால் நடந்து போன மூத்தவர். தினம் ஆறரைக்கு அவருக்கு ஒரு போன். "அண்ணே, இன்னைக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் போதும், அவருக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. உதவி எண்ணுக்கோ ஏஏ ஆளுக்கோ போன் போட்டால் எடுத்தவர் முதலில் கேட்பது, "பேசறது யாரு, குடிக்கிறவரா, வீட்டுக்காரங்களா?" என்றுதான். நீங்கள் பேசினால் தகவல் கிடைக்கும். அண்ணன் பேசினால் ஆள் கிடைக்கும். அதனால் எண்ணை நீங்கள் தேடுங்கள், போடுங்கள், ரிங் போனதும் செல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் போங்கள்.